வலக்கையில் சுகம், இடக்கையில் சாவு

நான் ஒரு தடவை செத்துப் பிழைத்தவள். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் வைத்தியர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "சொந்தக்காரங்களுக்கு ஆள் அனுப்புங்க" என்று சொன்ன அன்று சிரித்தவர் யாரும் இல்லை. நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்கு ஓட்டு வீடு, பின்கட்டில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஆட்டுக்கல். என் வீட்டுக்காரர் ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டணத்துக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். சிறுசாக இரண்டு பிள்ளைகள். வீட்டை ஆண்டது என் மாமியார். செம்பாக்கத்தில் பிறந்து தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர், இந்த இரண்டு ஊருக்கு அப்பால் உலகம் இருப்பதையே சந்தேகத்தோடுதான் ஒப்புக்கொள்வார். அத்தை என்று கூப்பிடுவேன். வாய் மட்டும் பெரிசு இல்லை, மனசும் பெரிசுதான். ஆனால் வாய்தான் முதலில் வரும்.

நான் பக்கத்தில் இருந்த பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்த அன்றே அத்தை ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "வேலைக்குப் போகட்டும், வேணாங்கல. ஆனா வூட்டு வேல நிக்கக் கூடாது." எங்கள் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டியது அவர், மாவாட்டியது நான். இருந்தாலும் அந்த வேலையை யார் சொன்னாலும் விட்டிருக்க மாட்டேன். கணக்கென்றாலே காய்ச்சல் வருகிற ஒரு பெண், ஒரு நாள் திடீரென்று விடையைக் கண்டுபிடித்துவிட்டு "டீச்சர், வந்துடுச்சு!" என்று பெஞ்சில் எழுந்து நிற்பாளே, அதற்கு ஈடாக எனக்கு எதைக் கொடுத்திருப்பார்கள்? அந்த ஐந்து பீரியடில்தான் நான் நானாக இருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் ஸ்கேலால் அடித்து அடித்து எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலக்கைக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் மாற்ற அவர்களுக்கும் பொறுமை இல்லை, எனக்கும் உடம்பு வளையவில்லை. ஆகவே எழுத்து வலக்கை, சாப்பாடு வலக்கை. பலம் வேண்டியதெல்லாம் இடக்கை. குடம் இடுப்பேறுவது இடப்பக்கம். துணியை அடித்துத் துவைப்பது இடக்கை. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவதும் இடக்கைதான். மற்றவர்கள் வலக்கையால் சுற்றி இடக்கையால் மாவைத் தள்ளுவார்கள், நான் தலைகீழ். அத்தைக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. "பீச்சாங்கையால ஆட்டுன மாவுல இட்லி எப்படிடி பொங்கும்?" என்பார். பொங்கத்தான் செய்தது. அதைச் சொல்ல மாட்டார்.

முப்பத்தைந்து வயதை ஒட்டி எனக்கு ஒரு மயக்கம் ஆரம்பித்தது. குழவியைச் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் இடக்கை ஈயக்குண்டு மாதிரி கனக்கும். பிறகு வலிக்கும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினால் கண் இருட்டிக்கொண்டு வரும், கிணறு ஒரு பக்கமாகச் சாயும், துணிக்கொடி சுற்றும். நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தால் சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். திரும்ப ஆட்டினால் திரும்ப வரும். துவைக்கும்போதும் அப்படியே. பள்ளியில் மட்டும் வருவதே இல்லை. கரும்பலகை நிறைய ஜியோமிதி போட்டாலும் ஒன்றும் செய்யாது.

இந்த நோய்க்கு இதைவிட மோசமாக ஒரு நடத்தை இருக்க முடியுமா, யோசித்துப் பாருங்கள். வெளியே போனால் வராது. வீட்டு வேலை செய்தால் மட்டும் வரும்! நான் மாமியாராக இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அத்தை நம்பவில்லை. "வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்கும்பாங்க. இவளுக்கு மயக்கம் சாக்கு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். "இஸ்கூல்ல அஞ்சு பீரியட் நிக்க முடியுது. வூட்ல குந்திகினு மாவாட்ட முடியலையாம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தில் வேகமாகச் சுற்றுவேன். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் மயக்கம் வரும். அத்தைக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்.

என் வீட்டுக்காரர் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். ஒரு நாள் மாலை ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த எங்கள் குடும்ப டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல டாக்டர், கை ராசிக்காரர், கூட்டம் எப்போதும் வாசல் வரை நிற்கும். அவருடைய மேசை சுவரோரமாக இருக்கும். நோயாளி உட்கார ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் வலக்கைதான் மேசைமேல் வரும். அந்தக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார், நாடி பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"பிரஷர் அருமையா இருக்கு. ரத்தசோகை இல்ல. ஹார்ட் நல்லா இருக்கு. ஒண்ணுமே இல்லம்மா" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "மனசுதான் சார். வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்பது அன்று எட்டு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் மயக்கம் என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. வந்தால் வரட்டும் என்று ஆட்டினேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அந்த வருஷம் எங்கள் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. காய்கறி, வாழைத்தார், கோழி, முறுக்கு என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கோயிலில் படைப்பார்கள், பிறகு ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். பக்கத்தில் பலகாரக் கடைகளும் போடுவோம். அத்தை வருஷா வருஷம் இட்லிக் கடை. அவருடைய இட்லி போதகர் வீட்டில்கூடப் பேச்சாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சனிக்கிழமை காலையிலேயே மாவாட்டினால்தான் புளிக்கும். ஊற வைத்த அரிசியும் உளுந்தும் அண்டா அண்டாவாக நின்றன. ஆட்டுகிறவள் நான்.

உளுந்து முடிந்து அரிசியும் பாதி ஓடிவிட்டது. அதற்கு மேல் நடந்தது எனக்குத் தெரியாது. குழவி மேலேயே கவிழ்ந்து, தலைமுடியெல்லாம் மாவாக நான் கிடந்ததைப் பார்த்து முதலில் கத்தியவர் அத்தைதானாம். "ஐயோ எம் பொண்ணு!" என்று கத்தினாராம். பக்கத்து வீட்டு அக்கா இதைப் பிறகு எனக்கு ரகசியமாகச் சொன்னார். அத்தை என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

என்னைத் தூக்கிக் கூடத்துக் கட்டிலில் போட்டார்கள். ஒரு நிமிஷத்தில் எனக்கு நினைவு வந்து எல்லாம் தெளிந்துவிட்டது. காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். ஆனால் கலவரம் தெளியவில்லை. பண்டிகைக்காக லீவு போட்டிருந்த என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர சைக்கிளில் பறந்தார். அவர் திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா திருநீர்மலைப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்திருந்த நாட்டு வைத்தியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய மீசை, காதில் கடுக்கன், வாயில் வெற்றிலை. வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டு, கைகழுவி, மரியாதையாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

நாட்டு வைத்தியத்தில் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்றுதான் நாடி பிடிப்பார்கள். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் என் இடக்கையைக் கேட்டார், நான் காப்பி டம்ளரை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு கொடுத்தேன். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். கண்ணை மூடினார். விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். அழுத்தினார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார். அவர் நெற்றியில் வேர்வை பூத்ததை நான் பார்த்தேன்.

"இன்னா வைத்தியரே?" என்றார் அத்தை.

"கை ஜில்லுனு கீது. நாடி வுழுந்துபோச்சு தாயி. எங்கியோ நூலு மாரி ஒண்ணு தட்டுது, அதுவும் இப்பவோ அப்பவோன்னு கீது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொழுது சாயறவரிக்கும் தாங்காது. சொந்தக்காரங்களுக்கு ஆள் அனுப்புங்க."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "எனக்கு நல்லாதானே இருக்கு" என்றேன்.

"அணையப் போற வெளக்கு பிரகாசமா எரியும்மா" என்றார் வைத்தியர், ரொம்ப அன்பாக.

அத்தை அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "மாவாட்டியே எம் மருமவளக் கொன்னுட்டனே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் போய் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. "படுடி, படு, எழுந்திரிக்காத!" என்று அழுகைக்கு நடுவிலும் அதட்டினார்.

கோயில் எங்கள் தெருமுனையில்தான். பண்டிகைக்காகக் கரும்பும் வாழையும் கட்டிக்கொண்டிருந்த சபைப் பெண்கள் அத்தனை பேரும் கட்டினது பாதி கட்டாதது பாதியாக ஓடி வந்தார்கள். போதகரும் வந்தார். கூடம் நிறைந்து வாசலும் நிறைந்தது. சாகக் கிடப்பவளைச் சுற்றி நின்று பாட்டுப் பாடி வழியனுப்புவது எங்களுக்கு வழக்கம். பாட ஆரம்பித்தார்கள். நானும் படுத்தபடி கூடவே பாடினேன். இரண்டாம் குரல் பாட ஆள் இல்லாமல் இருந்தது. பாட்டில் பிசிறு தட்டினால் எனக்குச் சகிக்காது. சாவதென்றாலும் சுருதியோடு சாக வேண்டாமா?

அந்தக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியை அம்மாவும் இருந்தார். அவரும் அதே சபை. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இவ இஸ்கூலுக்கு வரமாட்டாம்மா. பொழச்சாலும் அனுப்ப மாட்டேன். வேற டீச்சரைப் பாத்துக்குங்க" என்றார். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

வைத்தியர் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டதும்தான் பயந்தேன். சாவது வைத்தியர் கையில் இல்லை, அது எனக்குத் தெரியும். வேலை போவது இந்த இரண்டு பேர் கையில் இருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "நான் சாகலை! வேலையை விடவும் மாட்டேன்!" என்று கத்தினேன். பாட்டு நின்றுவிட்டது. "ஆவி தத்தளிக்குது" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரரின் சைக்கிள் கேரியரில், பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கினார். கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் குழம்பினார். வைத்தியர் விட்டுக்கொடுக்காமல் கட்டிலின் ஒரு பக்கம் என் இடக்கையோடு இருந்தார். வேறு வழியில்லாமல் டாக்டர் மறு பக்கம் போய் உட்கார்ந்து என் வலக்கையைப் பிடித்தார்.

"நாடி பிரமாதமா இருக்கே!" என்றார் டாக்டர்.

"இன்னா டாக்டரே, வெளயாடுறியா? நாடியே இல்லைங்கறேன்" என்றார் வைத்தியர்.

"எழுபத்தாறு. தெளிவா அடிக்குது. நீங்க என்னத்தைப் பார்த்தீங்க?"

"முப்பது வருஷமா நாடி பாக்குறேன். எனக்கே சொல்றியா?"

"காதுல கடுக்கன் போட்டா போதாதுய்யா."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேல் சண்டை போட்டார்கள். போதகர் சமாதானம் சமாதானம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு டீச்சர் இல்லையா? ஒரே கணக்குக்கு இரண்டு பெண்கள் இரண்டு விடை சொன்னால் யாருக்கு அறிவு இல்லை என்று நாங்கள் பார்க்க மாட்டோம், இரண்டு பேரும் எந்தக் கணக்கைப் போட்டார்கள் என்றுதான் பார்ப்போம்.

"சண்டையை விடுங்க. ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க" என்றேன், வகுப்பில் சொல்கிற குரலில்.

அந்தக் குரலுக்கு அவர்கள் பணிந்தது எனக்கே ஆச்சரியம். எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு மாறி உட்கார்ந்தார்கள். வைத்தியர் வலக்கையைப் பிடித்தார். உடனே அவர் மீசை துடித்தது. "யம்மாடி! குதுர மாரி ஓடுது!" என்றார். டாக்டர் இடக்கையைப் பிடித்தார். விரலை இப்படி வைத்தார், அப்படி வைத்தார். பையைத் திறந்து பிரஷர் கருவியை எடுத்து முதலில் வலக்கையில் பார்த்தார், பிறகு இடக்கையில் பார்த்தார், நம்பாமல் மறுபடி வலக்கையில் பார்த்தார். பாதிக்குப் பாதி வித்தியாசம்.

"அம்மா, நீங்க எந்தக் கையால மாவாட்டுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இடக்கை."

"போர்டுல எழுதறது?"

"வலக்கை."

டாக்டர் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "கொஞ்சம் ஆட்டுக்கல்லுகிட்ட வாங்க" என்றார்.

"சாகப் போறவள மாவாட்டச் சொல்றீங்களே டாக்டரே, இது அடுக்குமா!" என்று அத்தை குறுக்கே விழுந்து மறித்தார். அவரை நகர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மொத்தச் சபையும் பின்கட்டுக்கு வந்தது. போதகர் கிணற்று மேடைமேல் ஏறி நின்றார். டாக்டர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முதலில் வலக்கையால் சுற்றச் சொன்னார். கோணல் மாணலாகச் சுற்றினேன், மாவு தெறித்தது, மயக்கம் வரவில்லை. பிறகு இடக்கை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டுங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். நன்றாக வேகம் பிடித்துச் சுற்றினேன். கை கனத்தது. வலித்தது. கிணறும் போதகரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

"வருது" என்றேன். "நிறுத்துங்க" என்று டாக்டர் குழவியைப் பிடித்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் மயங்கியதே இல்லை. அத்தனை பேருக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு டாக்டர் சாட்சியாக எனக்கு மயக்கம் வந்தது! கண் தெளிந்ததும் முதலில் அத்தை முகத்தைத்தான் தேடினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வைத்தியருக்கும் டாக்டருக்கும் ஒரே தட்டில் பலகாரம் வைத்தோம். தப்பு இரண்டு பேருக்கும் பொது என்பதால் சமாதானமாகவே சாப்பிட்டார்கள். மீதி அரிசியைச் சபைப் பெண்கள் முறை போட்டு ஆட்டி முடித்தார்கள். மறுநாள் கடையில் முதலில் தீர்ந்தது எங்கள் இட்லிதான். செத்துப் பிழைத்தவள் வீட்டு இட்லி என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

டாக்டர் கடிதம் கொடுத்துப் பட்டணத்தில் ரத்தக் குழாய் பார்க்கும் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அத்தையும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். அந்தப் பெரிய டாக்டர் இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, "உஸ் உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது" என்றார். சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அந்த விளக்கம் எனக்கு இன்றைக்கும் ஒரு நல்ல தேற்றம் மாதிரி மனதில் இருக்கிறது.

இதயத்திலிருந்து இடக்கைக்குப் போகிற பெரிய குழாய் தொடங்குகிற இடத்திலேயே எனக்கு அடைத்துக்கொண்டிருந்தது. ஏன் அடைத்தது என்று அவராலும் அன்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழாயிலிருந்துதான் ஒரு கிளை பின்கழுத்து வழியாக மூளைக்கு ஏறுகிறது. வலப்பக்கமும் அதே மாதிரி ஒன்று ஏறி, இரண்டும் மேலே ஒன்றுசேர்கின்றன. கை சும்மா இருக்கும்போது இருக்கிற ரத்தத்தை வைத்துச் சமாளிக்கும். கைக்கு வேலை கொடுத்தால் அதற்கு நிறைய ரத்தம் வேண்டும். நேர்வழி அடைத்திருக்கிறதே, என்ன செய்யும்? மூளைக்குப் போன ரத்தத்தை அந்தக் கழுத்துக் கிளை வழியாகத் தலைகீழாகக் கீழே இழுத்துக்கொள்ளும். மூளைக்குப் பற்றாமல் போகும், தலை சுற்றும்.

"தெருக்குழாய்ல கடைசி வீட்டுக்காரன் பம்பு போட்டு இழுத்தா நடுவீட்டுக்கு வராதில்ல, அந்த மாதிரி" என்றார் டாக்டர். "கை, மூளைகிட்டேர்ந்து திருடுதும்மா. இதுக்குப் பேரே இங்கிலீஷ்ல திருட்டுன்னுதான் வச்சிருக்காங்க."

அத்தை திடுக்கிட்டார். "திருட்டா?"

"ஆமாம்மா. இவங்க மேல தப்பில்ல. கைதான் திருடி."

அத்தை என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஆப்ரேசன் செய்யணுமா?" என்று கேட்டார். இப்போதைக்குத் தேவையில்லை என்றார் டாக்டர். சின்னச் சின்னக் குழாய்கள் பக்கத்தில் தாமாகவே வளர்ந்து கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வப்போது வந்து காட்டினால் போதும், இடக்கைக்குக் கனமான வேலை மட்டும் கூடவே கூடாது, எங்கே போனாலும் பிரஷரை வலக்கையில் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பாடம் நடத்தலாமா என்று நான் கேட்டேன். வலக்கையால்தானே எழுதுகிறீர்கள், ஆயுசுக்கும் நடத்துங்கள் என்றார். எனக்கு அந்த அறையிலேயே எழுந்து நின்று "வந்துடுச்சு!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் மாவாட்டியது என் வீட்டுக்காரர். சனிக்கிழமை பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டு, மதில்மேல் போர்வையைக் காயப்போட்டு, அதன் மறைவில் பனியனோடு உட்கார்ந்து ஆட்டுவார். மறைவு என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார். குழவிச் சத்தத்தை எந்தப் போர்வை மறைக்கும்? "சார், உளுந்து பொங்கிடுச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அப்பாலிருந்து கேட்பார். ஆனால் அவர் மாவாட்டிப் பொங்கின இட்லியை அத்தையால் குறை சொல்ல முடியவில்லை. வலக்கையால் ஆட்டியது ஆயிற்றே!

எல்லாம் சரி, வேலை? அத்தை அன்று அழுகையில் சொன்னதைத் தலைமையாசிரியை அப்படியே பிடித்துக்கொண்டார். என் வகுப்புகளுக்கு வேறு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டார். நான் போய்க் கேட்டதற்கு, "உடம்பைப் பாத்துக்கோம்மா. வகுப்புல மயங்கி விழுந்தா பிள்ளைங்க பயந்துடும். உங்க அத்தையே வேணாம்னுட்டாங்களே" என்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், படம்கூடப் போட்டுக் காட்டினேன். அன்பாகக் கேட்டுவிட்டு, "வீட்ல கலந்து பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அத்தை கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கெளம்பு" என்றார். எங்கே என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். என் பள்ளிக்கூடத்துக்குள் அவர் அதுவரை காலடி வைத்ததில்லை. வைத்த அன்று பியூனைக் கேட்காமல், கதவைத் தட்டாமல், நேரே தலைமையாசிரியை அறைக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

தலைமையாசிரியை எழுந்து நின்று உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை.

"அன்னிக்கு இவ வரமாட்டான்னு சொன்னது நானு. இப்ப வருவான்னு சொல்றதும் நானு" என்றார்.

"அதுக்கில்லம்மா. வகுப்புல ஏதாவது ஒண்ணு ஆகி..."

"இத்தினி வருசத்துல இங்க ஒரு நாளாவது வுழுந்தாளா? சொல்லுங்க."

தலைமையாசிரியை இல்லை என்று தலையசைத்தார்.

"வுழுந்ததெல்லாம் எங்க வூட்லதான். தல சுத்துதுன்னு இவ சொல்லச் சொல்ல, வேலைக்கள்ளின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சவ நானு. இவ நல்லா இருந்தது இந்த இடத்துல மட்டும்தான்." அத்தையின் குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். "ஒரு வேலைய வுடணும்னா எங்க வூட்டு வேலைய வுடட்டும். இத வுடக் கூடாது. நான் வுட மாட்டேன்."

அந்த நிமிஷம் அத்தையை எனக்கு அவ்வளவு பிடித்தது. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணாவது பீரியட் எட்டாம் வகுப்பு. பெல் அடிக்கப் போகுது" என்றார்.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். வகுப்பில் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் எழுந்து கூச்சல் போட்டார்கள். கூச்சலை அடக்கிப் பலகைப் பக்கம் திரும்பியபோது கவனித்தேன், அத்தை போகவில்லை. வெராந்தாவில் கடைசிப் பெஞ்சுக்கு நேரே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அல்ஜீப்ரா. ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. பெல் அடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.